பதினோராம் கேள்வி

செப்டம்பர் 4

வாலு,

போன் செய்தால் "அப்புறம் கூப்பிடறேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் ஏழு மாதமாக வந்தபாடில்லை. அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே கிடக்கும், என்றைக்காவது படித்துத்தான் ஆகவேண்டும்.

கொஞ்சம் திட்டிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். மாமாவை எடுத்த மூன்றாம் நாள், பரீட்சை என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாயே, வாசலில் நின்று என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. படிப்பதோ மனசைப் பற்றிய படிப்பு, அதிலும் எம்.எஸ்ஸி. யார் யார் மனசையோ கேட்டு நோட்டில் எழுதுகிறவளுக்குக் கூடப்பிறந்தவளிடம் "தூங்கினியாக்கா" என்று ஒரு வார்த்தை கேட்க வரவில்லை. போகட்டும்.

விஷயம் இதுதான். நேற்று அலமாரியை ஒழித்தேன். சட்டைகள் இருக்கின்றன, ஸ்பானர் பெட்டி இருக்கிறது. ஆனால் அவர் கையால் எழுதினது என்று வீட்டில் ஒரு வரி கிடையாது. அந்த மனுஷன் எங்கே எழுதினார்? லிப்ட் சர்வீஸ் அட்டையில் டிக் போடுவார், கீழே கையெழுத்துப் போடுவார். அந்த அட்டைகளையும் கம்பெனிக்காரர்கள் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் எனக்கு ஒரு சீட்டுக்கூட எழுதினதில்லை. "பக்கத்துலயே இருக்கே, எதுக்கு எழுதணும்?" என்பார்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. டிசம்பர் லீவில் நீ வந்தபோது, பிராக்டிகலுக்கு என்று அவரைச் சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்து ஒரு தாள் கொடுத்தாயே. கேள்விகளுக்கு எண் போட்டுவிட்டு, கடைசியில் தன்னைப் பற்றி மூன்று வரி எழுதச் சொன்னாய். பென்சிலைக் கடித்துக் கடித்து அரை மணி நேரம் எழுதினார். நான் எட்டிப் பார்த்தால் கையால் மூடிக்கொண்டார். அந்தத் தாள் எனக்கு வேண்டும். கேள்வியும் பதிலும் நீயே வைத்துக்கொள், அந்த மூன்று வரி போதும்.

கம்பெனியிலிருந்து விசாரணைக் கடிதம் வந்தது. இடுப்புப் பெல்ட்டின் கொக்கியை மாட்டாமல் லிப்ட் குழிக்குள் இறங்கியிருக்கிறார், கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறார்கள். இருபது வருஷம் மாட்டினவர் ஒரு நாள் மறந்துவிட்டார். மறதி யாரைத்தான் விட்டது? கேட்கிறவர்களிடம் அதைத்தான் சொல்கிறேன். மாமியாருக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

தாளை அனுப்பு.

அக்கா

•

செப்டம்பர் 15

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். திட்டினதெல்லாம் சரிதான், இன்னும் திட்டியிருக்கலாம்.

அந்தத் தாள் என்னிடம் இல்லை. பிராக்டிகல் முடிந்ததும் எல்லாத் தாள்களையும் ரெக்கார்டு நோட்டோடு வைத்துக் கட்டி டிபார்ட்மெண்டில் பூட்டிவிடுவார்கள். அதோடு, யாரிடம் சோதனை செய்தோமோ அவர்களுடைய பதிலை வேறு யாரிடமும், சொந்தக்காரரிடம்கூட, காட்டக்கூடாது என்று விதி இருக்கிறது. அவர்கள் பெயரைக்கூட எழுதமாட்டோம். மாமா என் ரெக்கார்டில் "ஆண், வயது 41, தொழில்நுட்பப் பணி" அவ்வளவுதான்.

அவர் எழுதினதில் எனக்கு ஞாபகம் இருப்பதைச் சொல்கிறேன். "நான் லிப்ட் மெக்கானிக். பதினாறாம் வாய்ப்பாடு வரை தலைகீழாகச் சொல்வேன்." அதைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். "டாக்டரம்மா சிரிச்சா மார்க் உண்டா?" என்று கேட்டார். மூன்றாவது வரி ஞாபகம் இல்லை.

இங்கே எல்லாம் நன்றாகத்தான் போகிறது. இந்த வருஷம் வாரத்தில் மூன்று நாள் ஆலோசனை மையத்தில் உட்கார வேண்டும். எதிரில் இரண்டு நாற்காலி, ஒரு கடிகாரம், ஒரு டிஷ்யூ பெட்டி. பேச வருகிறவர்கள் முதலில் அந்தப் பெட்டியைத்தான் பார்க்கிறார்கள். நான் எழுத வேண்டியது நிறைய இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

நீ தூங்குகிறாயா அக்கா? நீ சொன்னாய் என்பதற்காகக் கேட்கவில்லை.

உன் வாலு

•

செப்டம்பர் 23

பொய் சொல்வதற்கும் ஒரு படிப்பு வேண்டுமடி. அது உனக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் செய்தேன். நீ குளிக்கப் போயிருந்தாயாம், உன் அறைத்தோழி எடுத்தாள். நல்ல பெண், கேட்காததையும் சொல்கிறாள். ரெக்கார்டு நோட்டையெல்லாம் போன மார்ச் மாதமே திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். அவளுடையது அவள் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறதாம். "அவளோடது பெட்டியில பூட்டி வச்சிருக்காக்கா, யாரையும் தொட விடமாட்டா" என்றாள். நீ ஆலோசனை மையத்துக்குப் போய் ஒரு மாதம் ஆகிறதாம். பேராசிரியர் இரண்டு முறை ஆள் அனுப்பினாராம்.

எல்லாம் நன்றாகப் போகிறது என்று எழுதினாயே, இதுதானா?

தையல் கடையில் இன்று பதினொரு பேண்ட்டுக்குக் கால் குறைத்தேன். கத்தரி போடும்போதெல்லாம் ஒரே யோசனை. அந்தத் தாளில் என்ன இருக்கிறது? இரண்டு வரி ஞாபகம் இருக்கிறவளுக்கு மூன்றாவது எப்படி மறக்கும்? அதில் என்னைப் பற்றி ஏதாவது எழுதினாரா? நான் நச்சரிக்கிறேன் என்றா? இல்லை, வேறு ஒருத்தியா? வாய்விட்டுச் சொல். நான் அழுதாலும் இங்கே பார்க்க ஆளில்லை.

பாதி தெரிந்துகொண்டு இந்த வீட்டில் இருக்க என்னால் முடியாது. அந்தத் தாளை அனுப்பவில்லை என்றால் நான் அங்கே வந்து உன் பெட்டிப் பூட்டை உடைப்பேன். என் குணம் உனக்குத் தெரியும்.

அக்கா

•

அக்டோபர் 2

அக்கா,

இன்னொருத்தி இல்லை. உன்னைப் பற்றி அவர் ஒரு குறையும் எழுதவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தாளில் பதினெட்டு வாக்கியங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரில் எண் போட வேண்டும். இல்லை என்றால் பூஜ்யம், சில நாள் என்றால் ஒன்று, அடிக்கடி என்றால் இரண்டு, எப்போதும் என்றால் மூன்று. கடைசியில் எல்லாவற்றையும் கூட்டுவோம். பத்துக்குக் கீழே வந்தால் கவலை இல்லை. ஆனால் பதினோராவது வாக்கியத்துக்கு மட்டும் தனி விதி. அதில் பூஜ்யம் தவிர எது வந்தாலும், கூட்டுத்தொகையைப் பார்க்காமல் அன்றைக்கே வழிகாட்டிப் பேராசிரியரிடம் சொல்ல வேண்டும். முதல் வாரமே இதை எங்களுக்குச் சொல்லிவிட்டார்கள். தேர்விலும் கேட்டார்கள், நான் சரியாக எழுதினேன்.

பதினோராவது வாக்கியம்: "இருப்பதைவிட இல்லாமல் போனால் நல்லது என்று தோன்றுகிறது."

மாமா இரண்டு போட்டிருந்தார்.

நான் அதை வீட்டில் பார்க்கவில்லை. மூன்று வரியை மட்டும் படித்துவிட்டுத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். இங்கே வந்து, ரெக்கார்டு கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள், ஜனவரி மூன்றாம் தேதி கூட்டினேன். ஆறு வந்தது. அப்பாடா என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் கண்ணில் பட்டது.

அந்த ரெக்கார்டுக்கு நார்மலான ஆள் வேண்டும். இல்லையென்றால் வேறு ஆளைத் தேடி முதலிலிருந்து செய்ய வேண்டும், ஒரு வாரம் ஆகும். தாமதமாகக் கொடுத்தால் பேராசிரியர் நோட்டை வாங்கமாட்டார். அதனால் அவருக்கே போன் செய்தேன். "மாமா, பதினொண்ணுல என்ன இப்படிப் போட்டிருக்கீங்க?" என்றேன். இரண்டு நொடி ஒன்றும் சொல்லவில்லை. அந்த இரண்டு நொடிதான் அக்கா, இன்னும் என் காதில் இருக்கிறது. பிறகு சிரித்தார். "வரி மாறிப் போட்டிருப்பேன்டா. பூஜ்யம்னு போட்டுக்கோ. உங்க அக்காகிட்ட சொல்லிடாத, ஊரைக் கூட்டிடுவா" என்றார். நானும் சிரித்தேன். ரப்பரை எடுத்து அழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன். கூட்டுத்தொகை நான்கு. ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு மார்க் வந்தது, வகுப்பில் அதுதான் அதிகம்.

அதற்குப் பிறகு இருபத்தேழு நாள் இருந்தார். உனக்கு ஒரு போன் செய்திருக்கலாம். அவரிடமே மறுபடி கேட்டிருக்கலாம். எதுவும் செய்யவில்லை. மூன்றாம் நாள் ஓடி வந்தது பரீட்சைக்காக இல்லை. நீ என்னைக் கட்டிக்கொண்டு "கொக்கி மாட்ட மறந்துட்டாரேடி" என்று அழுதாய். அதைக் கேட்டுக்கொண்டு அங்கே நிற்க முடியவில்லை.

ஆலோசனை மையத்தில் யாராவது எதிரில் உட்கார்ந்து சிரித்தால் எனக்கு மாமா சிரித்ததுதான் கேட்கிறது. அதனால்தான் போகவில்லை. இந்தப் படிப்புக்கு நான் லாயக்கு இல்லை. டிபார்ட்மெண்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு நின்றுவிடப் போகிறேன்.

அவர் எழுதின தாளையும் எண் போடாத கேள்வித்தாள் ஒன்றையும் இதோடு வைத்திருக்கிறேன். மூன்றாவது வரியை நீயே படித்துக்கொள். என்னால் எழுத முடியவில்லை.

வாலு

•

அக்டோபர் 9

வந்தது.

அழித்த இடத்தில் தாள் மெலிந்திருக்கிறது. வெளிச்சத்துக்கு எதிரில் பிடித்தால் அந்த இரண்டு தெரிகிறது. நன்றாக அழுத்தித்தான் எழுதியிருக்கிறார். வரி மாறிப் போட்டவர் அவ்வளவு அழுத்தமாட்டார்.

"என் வீட்டுக்காரி என்னைவிடக் கெட்டிக்காரி, தனியாக இருந்தாலும் சமாளித்துக்கொள்வாள்." இதுதான் உனக்கு மறந்துபோன மூன்றாவது வரி. பதினான்கு வருஷத்துக்கு அவர் எனக்கு எழுதினது இவ்வளவுதான். அதுவும் எனக்கு எழுதினதில்லை, உன் மார்க்குக்கு எழுதினது.

நான்தான் கேட்டேன், நீ கொடுத்தாய். அதனால் உன்னைத் திட்ட வாய் வரமாட்டேன் என்கிறது. ஆனால் ஒன்று தெரிந்துகொள். எனக்கு மறதி ஒன்றுதான் மிச்சம் இருந்தது. மறந்தார், விழுந்தார். அதில் என்னை விட்டுப் போக வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. காலையில் எழுந்ததும் அதைச் சொல்லிக்கொண்டுதான் பல் தேய்ப்பேன். இப்போது அதையும் பிடுங்கிக்கொண்டாய். உன் நெஞ்சில் இருந்த கல்லை இறக்கி வைக்க என் தலைதான் கிடைத்ததா?

மாமியாருக்குப் போன் செய்து சொல்லலாமா என்று நினைத்தேன். எழுபது வயசில் அவளுக்கு எதற்கு? வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச நான் ஒருத்தி போதாதா?

உனக்கு இருபத்தேழு நாள் என்றால் எனக்கு எத்தனை நாள்? ஒரே கட்டிலில் படுத்திருந்தேன். கால் பட்டால் "தள்ளிப் படுங்க" என்பேன்.

படிப்பை நிறுத்து, நிறுத்தாமல் இரு. எனக்கு எழுதாதே. வராதே. போன் வந்தால் எடுக்கமாட்டேன்.

•

அக்டோபர் 14

அக்கா,

எழுதாதே என்றாய். மன்னித்துக்கொள்.

டிபார்ட்மெண்டில் சொல்லிவிட்டேன். பேராசிரியர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். திட்டுவார், வெளியே போ என்பார் என்று நின்றுகொண்டிருந்தேன். "எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கையெழுத்துப் போட்ட ரெக்கார்டும்மா. அதை இப்ப யாரும் திறக்க மாட்டாங்க. நீ எதுக்குத் தோண்டுறே?" என்றார். பிறகு மையத்துக்குப் போகாத நாள்களுக்கு மருத்துவச் சான்றிதழ் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடச் சொன்னார். அவ்வளவுதான் அக்கா. எனக்குத் தண்டனை கொடுக்கக்கூட அங்கே ஆளில்லை.

நான் என்ன செய்ய வேண்டும் என்று நீயே சொல். செத்துத் தொலை என்று திட்டு, பரவாயில்லை. பேசாமல் மட்டும் இருக்காதே. நான் தினமும் காலையும் மாலையும் உனக்குப் போன் செய்கிறேன். நீ எடுக்காத அந்த மணிச் சத்தத்தையாவது கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வாலு

•

அக்டோபர் 21

உன் கேள்வித்தாள் மேஜைமேலேயே கிடக்கிறது. அவர் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்து, அவர் என்ன நினைத்துக்கொண்டு அந்தந்த எண்ணைப் போட்டிருப்பார் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே வந்தவள் நானும் போட ஆரம்பித்துவிட்டேன். உனக்கு ஒரு ஆள் வேண்டுமே. பெண், வயது 38, தையல் பணி.

ஒன்று. "இரவில் தூக்கம் வருவதில்லை." மூன்று. இதையெல்லாம் கேட்கவா உங்களுக்குப் பல்கலைக்கழகம்?

மூன்று. "சாப்பாட்டில் விருப்பம் குறைந்திருக்கிறது." குக்கரில் ஒரு ஆளுக்கு எவ்வளவு வைப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இரண்டு பேருக்கு வைத்துவிடுகிறேன், பிறகு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மூன்று போடு.

ஐந்து. "முன்பு சிரித்த விஷயங்களுக்கு இப்போது சிரிப்பு வருவதில்லை." இதற்கு ஒன்று. கடைக்கு ஒருவர் வந்தார், தொப்பை வளர்ந்ததற்கு என் தையலைக் குறை சொன்னார். சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று வேகமாக நடந்தேன், தெருமுனை வரை.

எட்டு. "வேலையில் கவனம் செலுத்த முடிவதில்லை." போன வாரம் ஒரு பேண்ட்டின் இரண்டு காலையும் இரண்டு அளவில் வெட்டிவிட்டேன். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. "ஒரு மாசம் வீட்டுல இரும்மா" என்றார். நல்ல மனுஷன்தான். அவர் திட்டியிருந்தால் மறுநாளும் வேலைக்குப் போயிருப்பேன். இப்போது போக இடமில்லை.

பத்து. "நடந்த தவறுகளுக்கு நான்தான் காரணம் என்று நினைக்கிறேன்." இதற்கு நீ எவ்வளவு போட்டிருப்பாய் என்று தெரியும். ஆனால் கேள். டிசம்பரில் ஒரு நாள், கடையிலிருந்து வந்து தட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். "எனக்கு ஒண்ணுமே பிடிக்கலை, என்னன்னு தெரியலை" என்றார். "பிடிக்கலைன்னா ரசம் வச்சுத் தரேன்" என்றேன். சாப்பாட்டைச் சொல்கிறார் என்று நினைத்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அவர் சாப்பாட்டைச் சொல்லவில்லை என்று அப்போதே தெரியும். எனக்குக் கால் வலித்தது, அதனால் கேட்காமல் விட்டுவிட்டேன். உனக்காவது இரண்டு நொடி. எனக்கு ஒரு வேளைச் சாப்பாட்டு நேரம் முழுக்க எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

பதினொன்று.

இதற்குப் பூஜ்யம் இல்லை. இரண்டும் இல்லை. நீ சொன்ன மாதிரி நான்கு எண்ணையும் ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுத்தான் போட்டேன். மூன்று.

இப்போது நீ என்ன செய்வாய்? போன் செய்து "என்னக்கா இப்படிப் போட்டிருக்கே" என்று கேட்பாயா? நானும் அவரைப் போலச் சிரிக்கட்டுமா?

சமாளித்துக்கொள்வாளாம். அந்த வரிக்குப் பக்கத்திலும் ஒரு எண் போடச் சொல்லியிருந்தால் நான் பூஜ்யம் போட்டிருப்பேன்.

மற்றதை எழுதவில்லை. கூட்டிக்கொண்டு உட்காராதே.

அக்கா

•

அக்டோபர் 24, காலை பதினொன்றரை

அக்கா,

இந்தச் சீட்டைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். உன் கடிதம் நேற்று மாலைதான் கையில் கிடைத்தது. கூட்டவில்லை. பத்தாவது கேள்விக்கு எழுதியதை மட்டும் பஸ்ஸில் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு வந்தேன். கடிதத்தைப் பார்த்த உடனேயே கீழ் வீட்டு அம்மாவுக்குப் போன் செய்து உன்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். ராத்திரி முழுக்க மணிக்கு ஒரு தடவை உன் கதவைத் தட்டியதாகச் சொன்னார். "போங்கம்மா, தலைவலி" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னாயாம். அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு எனக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது படியில் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கும் தூக்கமில்லை.

ஒரு மணி நேரமாகத் தட்டுகிறேன். நீ நடக்கிற சத்தம் கேட்கிறது. அதனால்தான் பூட்டை உடைக்க ஆளைக் கூப்பிடாமல் இருக்கிறேன். சத்தம் நின்றால் கூப்பிட்டுவிடுவேன். மனநல டாக்டர் ஒருவரிடம் பேசியிருக்கிறேன், நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார், இங்கேயே வரக்கூடச் சம்மதித்தார். அதெல்லாம் நாளைக்கு.

உனக்கு ஆறுதல் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு வருஷம் படித்ததில் ஒரு வரிகூட இப்போது வாயில் வரவில்லை. நீ வரி மாறிப் போடவில்லை என்று எனக்குத் தெரியும். நீ சிரித்தாலும் நான் நம்பமாட்டேன். அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

கோபம் தீரவில்லை என்றால் கதவைத் திறந்து இரண்டு அறை கொடு. திறக்க முடியவில்லை என்றால் இந்தச் சீட்டின் பின்பக்கம் ஏதாவது எழுதித் தள்ளு. கெட்ட வார்த்தையானாலும் சரி.

வாலு

•

(அதே சீட்டின் பின்பக்கம், பென்சிலில்)

இன்றைக்குத் திறக்கமாட்டேன்.

போய்விடாதே.